களா: உண்ணத்தக்க கனி, அஞ்சத்தக்க வேர்

பேக்கரியில் கேக்கின் உச்சியில் பதிக்கப்படும், வெற்றிலைக் கடையில் பீடாவின் மேல் குச்சியால் குத்தி வைக்கப்படும் சிவப்பு நிறச் ‘செர்ரி’, நம் நாட்டில் பெரும்பாலும் செர்ரிப் பழம் கிடையாது. உண்மையான செர்ரி குளிர்ப்பகுதி மரத்தின் கனி. இந்தியாவில் காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் கோடையின் சில வாரங்களில் மட்டும் அறுவடையாவது. மென்மையான சதையின் காரணமாக விரைவில் கெட்டுப்போவது. தெருவுக்குத் தெரு இருக்கும் பேக்கரிகளுக்கு ஆண்டு முழுவதும் அது கட்டுப்படியாகாது. அதன் இடத்தில் வந்து அமர்ந்திருப்பது முட்புதரில் காய்க்கும் களாக்காய்.

காய் முதிர்ந்த பின், ஆனால் பழுப்பதற்கு முன், பறித்துக் கந்தக உப்புச் சேர்த்த உப்புநீரில் ஊறவைக்கிறார்கள். அந்த ஊறலில் காய்க்குள் இருக்கும் பிசுபிசுப்பான வெண்பாலும், புளிப்பின் பெரும்பகுதியும், காயின் இயல்பான நிறமும் வெளியேறி, வெளிறிய சதை மட்டும் மிஞ்சுகிறது. கீறி விதைகளை நீக்கிப் பலமுறை அலசிய பிறகு, எரித்ரோசின் என்ற செந்நிறச் சாயத்தில் வேகவைக்கிறார்கள். பின்பு சர்க்கரைப் பாகில் போட்டு, பாகின் அடர்த்தியை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அந்தச் சாயத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. எரித்ரோசின் புளிப்பில் கரையாது; ஆகவே புளிப்பு எஞ்சியிருக்கும் சதைக்குள்ளேயே படிந்து நின்றுவிடும், பக்கத்திலிருக்கும் வெள்ளைக் கிரீமில் கசியாது. இத்தனை ஊறலையும் கொதிப்பையும் தாங்கிக் குழையாமல் நிற்கும் சதை களாக்காய்க்கு இருப்பதால்தான் இந்தத் தொழில் நடக்கிறது. பழுத்தால் தானாகவே செம்மையும் கருமையும் கொள்ளும் ஒரு கனியை வெளுக்க வைத்து, மீண்டும் சாயம் ஏற்றி, வேறொரு பழத்தின் பெயரில் விற்பதை எண்ணும்போது வருத்தமாகவே இருக்கிறது. கோடிக்கணக்கானோர் உண்டும் பெயர் அறியப்படாத பழம் இது.

களாவைப் பற்றித் தமிழில் இன்று படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அதன் மருத்துவக் குணங்களைப் பட்டியலிடுவதாகவே இருக்கிறது. இரத்தசோகை முதல் கண் படலம் வரை எல்லாவற்றுக்கும் அதில் தீர்வு உண்டு என்ற தொனியில், கனி, பூ, இலை, வேர் ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்தி எழுதுகிறார்கள். அந்தப் போக்கு செடிக்கும் நன்மை செய்யவில்லை, படிப்பவருக்கும் நன்மை செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து. களாவின் பெருமதிப்பு உணவிலும் வேலியிலும் இருக்கிறது. மருந்து என்று அதை அணுகும்போது, கனி வேறு, வேர் வேறு என்ற பிரிவினை முதலில் மனத்தில் பதிய வேண்டும். அந்தப் பிரிவினைக்கு அடிப்படை அந்தச் செடி பிறந்த குடும்பத்திலேயே இருக்கிறது.

களாச்செடியின் கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். இலையைக் கிள்ளினாலும், பச்சைக் காயைப் பறித்தாலும் அப்படியே. தாவரவியலில் களாவை அலரியின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். தோட்டங்களில் வளரும் செவ்வலரி, பலர் உயிரைக் குடித்த மஞ்சள் அலரி, புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகியவற்றைத் தரும் நித்தியகல்யாணி ஆகியவை எல்லாம் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர்கள். தன்னைத் தின்ன வரும் விலங்கையும் பூச்சியையும் தடுக்க நச்சுப் பொருள்களைத் தயாரிப்பதில் இந்தக் குடும்பம் தேர்ந்தது. அவற்றுள் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் மிக முக்கியமானவை. களாவுக்கு மிக நெருங்கிய உறவான அகோகாந்தெரா என்ற ஆப்பிரிக்கப் புதரின் பட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படும் ஊவபாயின் என்ற நஞ்சைக் கிழக்கு ஆப்பிரிக்க வேட்டையாடிகள் அம்பு முனையில் தடவி யானையை வீழ்த்தினார்கள். அந்த நச்சுப் புதர்கள் சில ஒரு காலத்தில் களாவின் பேரினத்திலேயே வைத்து எண்ணப்பட்டவை. இப்படிப்பட்ட சுற்றத்துக்கு நடுவே, மனிதன் பயமின்றி உண்ணத்தக்க கனியைத் தருவதுதான் களாவின் தனித்தன்மை.

கேரிசா கரண்டாஸ் என்று 1767-ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்ட பெருங்களா, இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை உயரும் புதர். பசுமை மாறாதது. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்து, தோல்போலத் தடித்து, மேற்புறம் பளபளக்கும். முள்ளும் இரண்டிரண்டாகவே அமையும். சில முட்கள் நுனியில் கவைபட்டிருக்கும். நீளம் 5 செண்டிமீட்டர் வரை போகும். ரோஜாவின் முள்ளை விரலால் தள்ளி உதிர்த்துவிடலாம், ஏனென்றால் அது தோலின் மேல் முளைத்தது. களாவின் முள்ளோ கிளையே மாறி முள்ளானது, உள்ளே கட்டை இருக்கும், உடைத்தால்தான் போகும். மாட்டின் தோலையும் செருப்பின் அடியையும் அது துளைப்பதற்குக் காரணம் இதுவே. கிளைநுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் பூக்கள் வெள்ளை நிறத்தில், குழல்போன்ற அடியும் ஐந்து இதழ்களுமாக, மல்லிகையை ஒத்த மணத்தோடு இருக்கும். காய் முதலில் பச்சை, பின்பு இளஞ்சிவப்பு, பழுத்தபின் கருஞ்சிவப்பு அல்லது கருநாவல் நிறம். வெள்ளையில் இளஞ்சிவப்பு பூசியதுபோன்ற கனி தரும் வகைகளும் உண்டு. வங்காளத்தில் அவை மிகுதி.

இதிலிருந்து வேறானது சிறுகளா. கேரிசா ஸ்பைனேரம் என்பது அதன் அறிவியல் பெயர். நம் ஊர்ப்புறத்துக் கரடுகளிலும் புதர்க்காடுகளிலும் தானாக வளர்ந்து நிற்பது பெரும்பாலும் இதுதான். கனி சிறியது, சுண்டைக்காய் அளவுக்கு மேல் போவது அரிது; ஆனால் நன்கு பழுத்துக் கறுத்தபின் பெருங்களாவைவிட இனிக்கும். ஊருக்கு ஏற்பக் களாக்காய் என்றும் கிளாக்காய் என்றும் சொல்லி, இரண்டு இனங்களையும் வேறுபடுத்தாமல் அழைப்பது வழக்கம். சிறுகளாவின் பரவல் வியக்கத்தக்கது. ஆப்பிரிக்காவின் புல்வெளிகள், அரேபியாவின் தென்மூலை, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியாவின் வறண்ட வடபகுதி என்று மூன்று கண்டங்களில் அது இயற்கையாகவே வளர்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அதை வெவ்வேறு இனமாகக் கருதி வெவ்வேறு அறிவியல் பெயர் வைத்திருந்தார்கள். பின்னர் அவற்றை ஒன்றாக்கினார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் அதன் பழத்தை உண்டதோடு, கட்டையை எரித்துப் புகையால் கொசுவையும் விரட்டினார்கள்.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிப் புதுக்கோட்டையிலிருந்து கடலூர், புதுச்சேரி வரை துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் கோயில்காடுகளில், காரை, சூரை, சங்கமுள், ஆதொண்டை ஆகிய முட்செடிகளோடு சிறுகளாவும் அடிக்காட்டை நிறைத்திருக்கிறது. அங்கே அது செய்யும் வேலை கண்ணுக்கு எளிதில் படாதது. கொண்டைக்குருவியும் மைனாவும் மரநாயும் பழத்தை உண்டு விதையைச் சுமந்து செல்கின்றன. புதரின் முள்வளையத்துக்குள் விழுந்து முளைக்கும் மரக்கன்றுகளை ஆடு எட்டிக் கடிக்க முடியாது. அந்தப் பாதுகாப்பில் சில ஆண்டுகள் வளர்ந்து தலைதூக்கிய பிறகு, மரம் தன் காலில் நிற்கும். கோயில்காட்டைத் ‘துப்புரவு’ செய்கிறோம் என்று முட்புதர்களை வெட்டி எறிந்து, பெரிய மரங்களை மட்டும் விட்டுவைக்கும் இன்றைய வழக்கம் எத்தனை கேடானது என்பதை இதிலிருந்து அறியலாம். நாளைய மரங்களுக்கான நாற்றங்காலைத்தான் அவர்கள் வெட்டுகிறார்கள்.

தமிழர் வாழ்வில் களாவின் வரலாறு நெடியது. சேர அரசன் ஒருவனின் பெயரிலேயே அது இடம்பெற்றிருக்கிறது: களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்கு உரிய தலைவன் இவன். பாடியவர் காப்பியாற்றுக் காப்பியனார். முடிசூடும் வேளையில் குலமரபின் கண்ணியும் (தலையில் சூடும் மாலை) முடியும் கையில் இல்லாததால், களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து அணிந்தான் என்று பழைய உரை விளக்கம் தருகிறது. நன்னன் என்ற குறுநில மன்னனைப் போரில் வீழ்த்தி இழந்த நாட்டை இவன் மீட்ட செய்தியை அகநானூற்றின் 199-ஆம் பாடல் சொல்கிறது. எங்கும் எளிதில் கிடைத்த ஒரு காட்டுக்காய் என்பதால்தான் களங்காய் அந்த நேரத்தில் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று கருத இடமிருக்கிறது.

உணவாக அது இருந்த நிலையைப் புறநானூற்றின் 177-ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார் காட்டுகிறார். கள்ளுண்டு கண் சிவந்த ஆடவர் புளிப்புச் சுவையை நாடித் தீம்புளிக் களாவையும் துடரியையும் தின்கிறார்கள். அது சலித்தபின் ஆற்று மணல்மேட்டின் மேலேறி, நாவல் மரத்தின் கருங்கனியைக் கொய்து உண்கிறார்கள். ‘தீம்புளி’ என்று புலவர் சொல்வது மிகச் சரியான சுவைக் குறிப்பு. அரைப்பழமாக இருக்கும் களாவில் முதலில் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். அடுத்து மெல்லிய இனிப்பு வரும். கடைசியில் பாலின் சிறு துவர்ப்பு நாக்கின் நுனியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்றும் தெரிந்த சுவைதான்.

சமையலறையில் களாக்காயோடு பழகுபவர்கள் முதலில் கற்பது பாலைப் போக்கும் வழியை. காயை அரிந்தவுடன் பால் கசிந்து கத்தியிலும் விரலிலும் பிசுபிசுவென்று ஒட்டும். காய்ந்தால் கறுத்துப் போகும். வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. விரலிலும் கத்தியிலும் சிறிது நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, காயை இரண்டாக வகிர்ந்து, விதையைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்து, உடனுக்குடன் உப்புநீரில் போட வேண்டும். உப்புநீரில் பால் திரிந்து திப்பியாக மிதக்கும். அதை வடித்துவிட்டால் காய் சுத்தமாகிவிடும். அதன்பின் உப்பு, மஞ்சள்தூள் பிசிறி வெயிலில் வாடவைத்து, வறுத்துப் பொடித்த கடுகு வெந்தயம், மிளகாய்த்தூள் சேர்த்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெயை ஊற்றினால் ஊறுகாய் ஆகும். துவையலிலும் தொக்கிலும் புளிக்குப் பதிலாக இதைச் சேர்ப்பதுண்டு. ஆந்திரத்தில் வாக்காய என்ற பெயரில் பருப்போடு வேகவைப்பார்கள், புளியோதரையும் செய்வார்கள். வட இந்தியாவில் கரோண்டா என்ற பெயரில் பச்சை மிளகாயோடு வதக்கிச் சப்பாத்திக்குத் தொடுகறியாக்குவார்கள். கொங்கணத்தில் சித்திரை, வைகாசியில் பழுக்கும் காட்டுக் களாவைக் கரவந்தம் என்பார்கள். மழைக்கு முந்திய வெயிலில் அதை இலைத்தொன்னையில் வைத்து மலைச்சாலையோரம் விற்கும் பெண்களை அங்கே காணலாம்.

பழத்தில் இயல்பாகவே பெக்டின் மிகுதி. பழக்கூழ் உறைவதற்குத் தேவையான நார்ப்பொருள் அது. கொய்யாவிலும் விளாம்பழத்திலும் இருப்பதுபோல இதிலும் நிறைய இருப்பதால், களாச்சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சினால் வேறெதுவும் சேர்க்காமலேயே கண்ணாடிபோல் உறைகிறது. பழத்தோலில் உள்ள ஆந்தோசயனின் நிறமி, புளிப்புச் சூழலில் நல்ல செந்நிறம் காட்டும். ஆகவே அந்த ஜெல்லிக்குச் சாயமும் தேவையில்லை. அரைப்பழத்தில் பெக்டினும் புளிப்பும் உச்சத்தில் இருக்கும், முழுப்பழத்தில் நிறமும் மணமும் உச்சத்தில் இருக்கும் என்பதால், இரண்டையும் கலந்து காய்ச்சுவதே கைதேர்ந்தவர்களின் முறை.

இனி மருந்து. ஆயுர்வேதத்தில் களாவின் பெயர் கரமர்தம். சரக சங்கிதை இதயத்துக்கு இதமானவை என்று தொகுத்த பத்துப் பொருள்களில் கரமர்தமும் ஒன்று. இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு, களா இதயநோய்க்கு மருந்து என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பத்தையும் முழுவதுமாகப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது: மா, மாதுளை, இலந்தை, மாதுலுங்கம் என்னும் எலுமிச்சை வகை என்று பெரும்பாலும் புளிப்புக் கனிகளின் வரிசை அது. வாய்க்கு ருசி தந்து, பசியைத் தூண்டி, மனத்தைத் தெளியவைப்பவை என்ற பொருளில் அந்தத் தொகுப்பைக் கொள்வதே பொருத்தம். சித்த மருத்துவத்திலும் களாப்பழத்துக்குச் சொல்லப்படும் குணங்கள் இவற்றை ஒட்டியவையே: பசியின்மையைப் போக்கும், பித்தத்தைத் தணிக்கும், தாகத்தை அடக்கும். உணவின் எல்லைக்குள் நின்று செய்யும் இத்தகைய உதவியில் ஐயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலில் கசந்த வாய்க்குக் களா ஊறுகாயின் ஒரு துண்டு எத்தனை ஆறுதல் என்பது வீடுகளில் அறிந்ததே.

இரும்புச்சத்தின் கதை சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியது. உலர்ந்த களாவில் 100 கிராமுக்கு 39 மில்லிகிராம் இரும்பு இருப்பதாக இந்திய உணவு அட்டவணைகளில் இடம்பெற்ற எண்ணே எல்லா இடங்களிலும் மேற்கோளாக வருகிறது. அது உலர்ந்த பழத்துக்கு உரியது. புதுப்பழத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீர். ஆகவே ஒரு கைப்பிடி பழம் தின்பவருக்கு அதில் மிகச் சிறு பங்கே கிடைக்கும். மேலும், தாவர உணவில் உள்ள இரும்பைக் குடல் முழுமையாக உறிஞ்சிக்கொள்வதில்லை. பழத்தின் புளிப்பு அந்த உறிஞ்சலுக்கு ஓரளவு துணைசெய்யும், துவர்ப்பு ஓரளவு தடைசெய்யும். சாப்பாட்டோடு களா ஊறுகாயோ துவையலோ சேர்ப்பது நல்லது. ஆனால் இரத்தப் பரிசோதனையில் இரத்தசோகை என்று தெரிந்த கர்ப்பிணி ஒருவர் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் களாப்பழத்தை நம்புவது ஆபத்தானது. வைட்டமின் சி பற்றிய புகழுரைகளும் இப்படியே. களாவில் அது உண்டு. நெல்லிக்காயோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு.

கனியைவிட்டு வேருக்கு வந்தால் நிலைமை அடியோடு மாறுகிறது. சுசுருத சங்கிதை முள்வேர் ஐந்து என்று வகுத்த தொகுப்பில், நெருஞ்சில், செம்முள்ளி, தண்ணீர்விட்டான் முதலியவற்றோடு களாவின் வேரும் இருக்கிறது. நாட்டு வைத்தியத்தில் குடற்புழு நீங்கவும், மகப்பேற்றுக்குப் பின் குடிநீராகவும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். வேரை அரைத்துப் புண்ணின் மேல் ஈ மொய்க்காமல் பூசுவதும் உண்டு. ஆகவே வேருக்கு வீரியம் உண்டு என்பதில் முன்னோர்க்கு ஐயமில்லை. வேதியியலும் அதை ஒப்புக்கொள்கிறது. களா வேரில் சாலிசிலிக் அமிலமும், ஓடோரோசைடு வகையைச் சேர்ந்த இதயக் கிளைக்கோசைடுகளும் கண்டறியப்பட்டுள்ளன. இரத்த அழுத்தத்தைச் சிறிது குறைக்கும் ஆற்றலும் பதிவாகியிருக்கிறது.

இதயக் கிளைக்கோசைடு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தால் அச்சம் தானாகவே வரும். இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைச் செய்யும் புரத விசையைக் கிளைக்கோசைடு பிடித்து நிறுத்துகிறது. உள்ளே சோடியம் தேங்க, அதன் விளைவாகக் கால்சியமும் தேங்குகிறது. தசை முன்னிலும் வலுவாகச் சுருங்குகிறது. தளர்ந்த இதயத்துக்கு இது உதவி. அளவு சற்றே கூடினாலோ, துடிப்பின் ஒழுங்கு குலைந்து இதயம் நின்றுவிடும். டிஜாக்சின் என்ற மாத்திரையை இதய மருத்துவர்கள் மிக நுண்ணிய அளவில், இரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே கொடுப்பது இதனால்தான்; குணம் தரும் அளவுக்கும் கேடு தரும் அளவுக்கும் இடையிலான தொலைவு அத்தனை குறுகியது. ஒரு புதரின் வேரில் இந்தப் பொருள் எவ்வளவு இருக்கும் என்பது மண், பருவம், செடியின் வயது ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஒரு பிடி வேரை நசுக்கிக் கொதிக்கவைத்துக் குடிப்பவருக்குத் தாம் எவ்வளவு குடித்தோம் என்று தெரிய வழியே இல்லை. ஏற்கெனவே டிஜாக்சினோ, பொட்டாசியத்தைக் குறைக்கும் சிறுநீர்ப் பெருக்கி மாத்திரையோ உட்கொள்பவருக்கு இந்த ஆபத்து பல மடங்கு. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் வேர்க் குடிநீரைக் கொடுக்கவே கூடாது என்பேன். முறையாகப் பயின்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் விட வேண்டிய பொருள் அது; சமூக ஊடகத்தில் படித்துவிட்டு வீட்டில் காய்ச்சும் பொருள் அல்ல.

களாப்பூவை நல்லெண்ணெயில் காய்ச்சி வடிகட்டி, கண் படலத்துக்குச் சொட்டு மருந்தாக விடும் முறையும் தமிழில் அடிக்கடி எழுதப்படுகிறது. கண்புரை என்பது கண்ணின் வில்லை உள்ளேயே மங்கிப்போவது. வெளியிலிருந்து விடும் எண்ணெய் அதைக் கரைக்காது. வீட்டில் காய்ச்சிய எண்ணெயில் கிருமி இருந்தால் கருவிழி புண்ணாகி, பார்வை நிரந்தரமாகப் போகும். கண்புரைக்கு இன்று அரசு மருத்துவமனைகளிலேயே இலவச அறுவைச் சிகிச்சை கிடைக்கும்போது, இந்தக் குறிப்பை இன்னமும் பரப்புவது பொறுப்பற்ற செயல். சாறுகள் எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தன, கல்லீரலைக் காத்தன என்னும் ஆய்வுக்கூட முடிவுகள் பல இருக்கின்றன. அவை மேற்கொண்டு ஆராயத் தூண்டும் செய்திகள். நோயாளிக்குச் சொல்லும் மருத்துவக் குறிப்புகளாக அவற்றை மாற்றிவிடக் கூடாது.

இந்த எல்லையை மறந்தால் என்ன நேரும் என்பதற்குக் களாவின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. தான்சானியாவின் வடக்கே லோலியோண்டோ பகுதியில் சமுங்கே என்பது ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்த ஓய்வுபெற்ற லூத்தரன் போதகர் அம்பிலிகிலே ம்வாசாபிலே, கடவுள் கனவில் காட்டியதாகக் கூறி, ஒரு செடியின் வேரைக் காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கினார். ஒரு குவளை 500 ஷில்லிங். ஒரே முறை குடித்தால் எய்ட்ஸ், நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்டவை தீரும் என்று நம்பிக்கை பரவியது. 2011-ஆம் ஆண்டில் அந்த ஊரை நோக்கி மக்கள் பல்லாயிரக்கணக்கில் திரண்டார்கள். வாகனங்கள் பல கிலோமீட்டர் தொலைவுக்கு வரிசையில் நின்றன. அரசியல் தலைவர்களும் வந்து குடித்தார்கள். முற்றிய நோயாளிகள் சிலர் வரிசையில் காத்திருந்தபடியே இறந்தார்கள். எச்.ஐ.வி. மருந்துகளைக் குடிப்பதை நிறுத்திவிட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் எச்சரித்தார்கள். உள்ளூரில் முகரிகா எனப்பட்ட அந்தச் செடி, நம் கரடுகளில் வளரும் அதே சிறுகளா. இல்லாத ஆற்றலை அதன் மேல் ஏற்றியதன் விலையை ஏழை நோயாளிகள் கொடுத்தார்கள்.

களாவின் வேலிப் பயனும் ஒரு முறை கொடுமைக்குத் துணைபோயிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி உப்புக்கு விதித்த வரியைத் தப்பி, வரி குறைந்த பகுதிகளிலிருந்து உப்பு கடத்தப்படுவதைத் தடுக்க, சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதி வரை ஏறத்தாழ 2,300 மைல் நீளத்துக்குச் சுங்கக் கோடு ஒன்றை வகுத்தார்கள். ஏறத்தாழ 12,000 பேர் அதைக் காத்தார்கள். வெட்டிப் போட்ட முள்ளால் அமைத்த வேலி கறையானுக்கும் தீக்கும் இரையாகவே, 1867 முதல் சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் உயிர்வேலி நட முனைந்தார். பிற்காலத்தில் இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர் இவரே. இலந்தை, கருவேலம், கள்ளி வகைகள் ஆகியவற்றோடு களாவும் அந்த வேலிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 400 மைலுக்கு மேல் ஆளுயரத்தைத் தாண்டிய அடர்ந்த பச்சை வேலியாக அது எழுந்து நின்றது. 1879-இல் சுங்கக் கோடு கைவிடப்பட்டது, வேலியும் மறைந்தது.

ஊர்ப்புற உழவரின் களாவேலி அதைவிடப் பழையது, நீடித்தது. கொங்கு நாட்டில் கிளுவையும், மற்ற இடங்களில் கள்ளியும் கொடுக்காப்புளியும் களாவும் தோட்டத்தைச் சுற்றி நின்ற காலம் ஒன்று இருந்தது. களாவுக்கு அவற்றில் ஒரு தனி வசதி: வெட்ட வெட்ட அடியிலிருந்தே தழைப்பதால், வேலியின் கீழ்ப்பகுதி ஓட்டை விழாமல் அடர்ந்திருக்கும், ஆடு நுழையாது, நாய் நுழையாது. ஆனால் உயிர்வேலி இரு புறமும் நிலத்தை எடுத்துக்கொள்ளும், ஆண்டுக்கொரு முறை கவாத்து கேட்கும், பங்காளிகளுக்கிடையே எல்லைத் தகராறுக்கும் இடம் கொடுக்கும். நிலம் துண்டாகத் துண்டாக, கல்தூணும் முள்கம்பியும் அந்த இடத்தைப் பிடித்தன. தரிசுகளில் சீமைக்கருவேலம் பரவிச் சிறுகளாவின் இடத்தையும் விழுங்கியது. இழப்பின் அளவை உணர, ஒன்றை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும்: முள்கம்பி காய்ப்பதில்லை.

நட விரும்புவோர்க்குக் களா அதிகம் கேட்காத செடி. செம்மண், சரளை, ஓரளவு உவர்நிலம் எல்லாவற்றிலும் வரும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. பழத்திலிருந்து எடுத்த விதையை உலரவிட்டு வைத்திருந்தால் முளைப்புத் திறன் விரைவில் குறைந்துவிடும். ஆகவே பழம் கிடைக்கும் ஆடி, ஆவணியிலேயே கழுவி உடனே விதைக்க வேண்டும். நாற்று முதல் ஆண்டில் மிக மெதுவாக வளரும்; அந்த ஓராண்டுப் பொறுமை இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் கைவிடுகிறார்கள். குச்சியை ஊன்றினால் வேர்விடுவது கடினம். கிளையைச் செடியிலேயே வேர்விட வைக்கும் விண்பதியம் போட்டால் எளிதாக வரும். வேலிக்கு முக்கால் மீட்டர் இடைவெளியும், கனிக்காக மட்டும் நட்டால் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியும் விடலாம். மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கும். வளர்ந்த செடி ஒன்று மூன்று முதல் ஐந்து கிலோ வரை தரும். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா ஆகியவையும், மகாராஷ்டிரத்தின் தாபோலியிலிருந்து வந்த கொங்கண் போல்டும் பெரிய காய் தரும் தேர்ந்த வகைகள்.

விற்பனையில் ஒரு நுட்பம் இருக்கிறது. செர்ரி தயாரிப்பவர்களும் ஊறுகாய்க்காரர்களும் கேட்பது முதிர்ந்த பச்சைக்காயை. அது கொத்தாகப் பறிக்கத் தக்கது, சில நாள் தாங்கும், லாரியில் ஏற்றலாம். பழமோ ஓரிரு நாளில் இளகிவிடும். பக்கத்து ஊர்ச் சந்தைக்கும் ஜெல்லி காய்ச்சும் சிறு தொழிலுக்கும்தான் அது பயன்படும். ஆகவே முதல் பறிப்பைக் காயாகவும் பிந்திய பறிப்பைப் பழமாகவும் பிரித்து எடுப்பவருக்கே வேலியிலிருந்து வருமானம் சீராக வரும். பறிப்பவர்கள் முழங்கை வரை மறைக்கும் தடித்த துணியுறையும், கொக்கி கட்டிய கழியும் வைத்துக்கொள்வது நல்லது. கவாத்தின்போது வரிசையின் உயரத்தைத் தோளளவுக்கு மேல் போகவிடாமல் வைத்திருந்தால், முட்களுக்குள் கையை நுழைக்காமலே பெரும்பகுதிக் காயை எடுத்துவிடலாம்.